துறவு என்னுஞ் சொல்

துறவு என்னுஞ் சொல் ‘துற’ என்னும் பகுதியடியாகப் பிறந்தது; விடுதல் என்பது அதன் பொருள். எதனை விடுதல் துறவாம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. மனைவி மக்களை விட்டுக் காவியுடுத்தலே துறவென்பது உலகவழக்கு. நூல்வழக்கு அதனினும் ஆழ்ந்து செல்கின்றது.

திருக்குறளில் 35-ஆம் அதிகாரம் ‘துறவு’ எனப் பெயர் பெற்றது. அதற்கு முன் நிலையாமையும், பின் மெய்யுணர்தலும் அவாவறுத்தலும் நிற்கின்றன. புறமாகிய செல்வத்தின்மேலும் அகமாகிய யாக்கையின்மேலும் செல்லும் பற்றை விடுதலே துறவென்று பரிமேலழகர் விளக்கினார். ஆகவே விடப்படுவது பொருளன்று. பொருள்மேற் சென்ற பற்றேயாம். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரமும், உயிர் இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் நிற்குமிடத்தே மலம் மாயை கன்மங்கள் நீங்கும் என்கின்றது. ‘யான்’, ‘எனது’ என்பன அற்ற நிலை அது. திருப்புகலூரில் உழவாரப் பணியிடத்துத் தோன்றிய பொன்னையும் மணியையும் பருக்கைக் கல்லோடு ஒப்ப வாரிக் குளத்தில் எறிந்த திருநாவுக்கரசர் அந்நிலைக்குச் சான்றாவர். அவரை வழிபட்ட அப்பூதியடிகளோ இல்லறத்தார். இருவரும் ஒரே திருக்கூட்டத்தினர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள் 1911-இல் அப்பணியை விட்டுத் துறவு பூண்டு பல்லாவரத்தில் வாழ்ந்தார். இராயப்பேட்டையில் வாழ்ந்த திரு. வி. கலியாணசுந்தரனார் காவி பூண்டிலர். அவர் தாம் தமிழாசிரியராய் அமர்ந்திருந்த வெஸ்லியன் கல்விச்சாலைப் பணியை 1917-இல் துறந்து ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். அடுத்த ஆண்டில் தொழிலாளர் சங்கத் தொண்டில் இறங்கினார். 1918-இல் மனைவியாரை இழந்தபின் மறுமணம் நாடிலர். எனினும் மனைவாழ்க்கையை அவர் இழித்துரைத்தாரல்லர். 1927-இல் வெளிவந்த ‘பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை’ என்னும் நூலில் அவ்வாழ்க்கையை அன்புவளரும் நிலமாகப் போற்றினார். தந்நலம் விடுதலையே உண்மைத் துறவாகக் கொண்டார்.

அங்ஙனமாயின் துறவியர் மடங்கள் வேண்டாவோ எனின், வேண்டும். திருவாவடுதுறை ஆதீனத்து முனிவராகிய சிவஞான முனிவர் இல்லையேல் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை கிடைத்திராது. இல்லந் துறத்தல் சிலர்க்கு உற்ற கருவி. பற்றுத் துறத்தலோ யாவர்க்கும் உரிய பயன். கருவியையே பயனெனக் கொள்வது பிழை. வீட்டை விட்டும் ‘யான் துறந்தேன்’ என்னுஞ் செருக்கை விடாதான் துறவியாகான். வீட்டிலிருந்தே அதனை விட்டவன் துறவியே.

இதன் மறுபுறத்தை மணிவாசகப் பெருமான் ‘நீத்தல் விண்ணப்பம்’ என்னும் 50 திருப்பாட்டுக்களில் வைத்தருளினார். விடுதலைக் குறிக்கும் நீத்தல் என்னுஞ் சொல் ஆங்குத் திசைமாறி நிற்கின்றது. உயிர் உலகை விடுதல் பற்றிய பேச்சு அன்று அது; இறைவன் உயிரை விட்டுவிடலாகாது என்னும் முறையீடு. உயிர் எல்லாவற்றையும் விடவல்லதாவது, தன்னை ஒருபோதும் விடாத ஒருவன் உளன் என்னுந் துணிவினாலேயாம். அத்துணிவே துறவின் வேர்.

திருச்சிற்றம்பலம்.