தனிமுயற்சிக் கற்பித்தல்

தனிமுயற்சிக் கற்பித்தல் என்பது ஒரு திறனைச் சிறு கூறுகளாகப் பிரித்து, தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள குறுகிய முயற்சிகளால் ஒவ்வொரு கூறையும் பழக்கும் முறை. பார்த்தும் கேட்டும் தாமாகக் கற்பதில் சிரமப்படும் மாணவர்களுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு, இது பயன்படுகிறது. ஒரு செயலின் விளைவே அது மீண்டும் நிகழ்வதைத் தீர்மானிக்கிறது என்னும், உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் செயல்படு ஆக்கநிலையிறுத்தக் கொள்கையே இதன் அடிப்படை.

ஒரு முயற்சியில் ஐந்து கட்டங்கள் உண்டு: ஆசிரியரின் கட்டளை, தேவைப்பட்டால் உதவி, மாணவரின் பதில், அதன் விளைவு, அடுத்த முயற்சிக்கு முன் சில நொடி இடைவெளி. மேசையில் டம்ளரும் கரண்டியும் இருக்க, ஆசிரியர் "டம்ளரை எடு" என்கிறார். மாணவர் சரியாக எடுத்தால் உடனே பாராட்டோ பிடித்த பொம்மையோ கிடைக்கும், இது வலுவூட்டல். தவறினால் கண்டிப்பதில்லை, சரியான பொருளைக் காட்டி மீண்டும் கேட்கிறார். பொருள்களை இடம் மாற்றி வைப்பதும் அவசியம். இல்லையெனில் மாணவர் சொல்லைக் கவனிக்காமல் வலப்பக்கம் இருப்பதை எடுக்கவே பழகிவிடுவார்.

முதலில் கைபிடித்து எடுக்க வைக்கும் ஆசிரியர், பிறகு சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். முடிவில் அதையும் கைவிடுகிறார். உதவியை இப்படிக் குறைக்காவிட்டால் மாணவர் அதையே எதிர்பார்த்துக் காத்திருப்பார். ஒவ்வொரு பதிலும் சரி, தவறு, உதவியுடன் சரி எனப் பதிவுத்தாளில் குறிக்கப்படும். அடுத்த கூறுக்கு எப்போது செல்லலாம் என்பதை அந்தப் பதிவே காட்டும்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உளவியலாளர் ஓ. ஐவர் லோவாஸ் 1960களில் இம்முறையை ஆட்டிசக் குழந்தைகளிடம் வளர்த்தெடுத்தார். வாரம் சுமார் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான அறிவாற்றல் அளவையும் வழக்கமான பள்ளிக் கல்வியையும் எட்டியதாக அவரது 1987ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. பயிற்சி பெற்ற குழுவும் ஒப்பீட்டுக் குழுவும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாததால் அம்முடிவு விவாதத்துக்கு உள்ளானது. தொடக்க காலத்தில் தண்டனைகளும் கையாளப்பட்டன. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்றும் இம்முறையின் இணங்க வைக்கும் போக்கைக் கண்டிக்கின்றனர்.

மேசையில் கற்றது வேறிடத்தில் வராமல் போவதே இம்முறையின் முக்கியக் குறை. பயிற்சியில் வைத்த எவர்சில்வர் டம்ளரை அடையாளம் காணும் குழந்தை, வீட்டிலுள்ள பிளாஸ்டிக் டம்ளரை அறியாமல் இருக்கலாம். எனவே பொருள்களையும் ஆட்களையும் இடங்களையும் மாற்றிப் பழக்குவதோடு, விளையாட்டிலும் அன்றாட வேலைகளிலும் கற்பிக்கும் இயல்புச்சூழல் முறைகளும் உடன் சேர்க்கப்படுகின்றன.