கவாசாகி நோய்: நெடுங்கால இதயப் பாதிப்புகள்

கவாசாகி நோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் குருதிக்குழாய் அழற்சி. டோக்கியோவின் குழந்தை மருத்துவர் தொமிசாக்கு கவாசாகி 1961-இல் முதல் நோயாளியைப் பார்த்தார். 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார். ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சல், பீளை தள்ளாத கண்சிவப்பு, வெடித்த உதடு, சிவந்து தடித்த நாக்கு, உடலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி ஆகியவை அடையாளங்கள். கைக்குழந்தைகளில் பிசிஜி தடுப்பூசித் தழும்பு சிவந்து தடிப்பதும் நல்ல துப்பு. தேடிப் பார்ப்பவர் கண்ணுக்கே அது படும். பிறகு காய்ச்சல் இறங்கி விரல் நுனியில் தோல் உரியும். தானே ஆறிப்போகும் நோய் என்றுதான் கவாசாகியும் முதலில் கருதினார். திடீரென இறந்த குழந்தைகளின் உடற்கூறாய்வில் இதயத் தமனிகள் புடைத்து, உள்ளே குருதி உறைந்திருந்தது தெரிந்தபின் அந்தக் கருத்து மாறியது.

அழற்சியால் தமனிச் சுவரின் மீள் இழைகள் சிதைந்து சுவர் தளர்கிறது. சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்குத் தமனி பாதிக்கப்படும். முதல் 10 நாளுக்குள் கிலோவுக்கு 2 கிராம் வீதம் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இது சுமார் 4 விழுக்காடாகக் குறைகிறது. தமனி விரியாமலே தப்பிய குழந்தையின் எதிர்காலம் குறித்துப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

தமனி விரிந்தவர்கள் நிலை வேறு. சிறிய புடைப்புகள் பல, ஓரிரு ஆண்டில் எக்கோவில் இயல்பான அளவுக்குத் திரும்பிவிடும். அறிக்கையில் ‘நார்மல்’ என்று வரும். ஆனால் உட்சுவர் தடித்தே அந்த அளவு சுருங்கியிருக்கிறது, தேவைக்கேற்ப விரியும் திறன் குறைந்திருக்கிறது. 8 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்த பெரும்புடைப்பு அரிதாகவே சுருங்கும். அதற்குள் ஓட்டம் மந்தமாகி இரத்தம் கட்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் இரு முனைகளும் குறுகி, சுவரில் சுண்ணம் படியும். மாரடைப்பு அபாயம் முதல் இரண்டு ஆண்டுகளில் மிகுதி. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை வாந்தி எடுக்கும், வெளிறிப்போகும், ஓயாமல் அழும். எந்த அறிகுறியும் இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

பெரும்புடைப்பு உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினோடு வார்ஃபரினும் தரப்படுகிறது. ஆஸ்பிரின் தொடரும் குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி தவறக்கூடாது. ஆஸ்பிரின் எடுக்கும்போது ஃப்ளூ வந்தால், மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்னும் ஆபத்து உண்டு. பைபாஸ் தேவைப்பட்டால் மார்பின் உட்புறத் தமனியையே அறுவை மருத்துவர்கள் விரும்புவார்கள். குழந்தையோடு சேர்ந்து அதுவும் வளரும்.

இளவயதில் மாரடைப்போடு வருபவரின் ஆஞ்சியோவில் சுண்ணம் படிந்த புடைப்பு தெரிந்தால், சிறுவயதில் பெயரிடப்படாமல் போன ஒரு நீண்ட காய்ச்சலைப் பற்றி மருத்துவர் அவருடைய தாயிடம் விசாரிப்பார்.