கடல்நீர் மீன் தொட்டியில் பாசியா? பாறையைக் கழுவ அவசரப்படாதீர்கள்!

கடல்நீர் மீன் தொட்டி வைத்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் பலருக்கும் வரும் கவலை ஒன்றுதான். பளிச்சென்றிருந்த மணலிலும் பாறையிலும் பழுப்பு நிறத்தில் பொடி படிந்துவிடும். உடனே பாறையை வெளியே எடுத்துக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுகிறார்கள். சில நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. மீன்களைக் கொன்றது பாசி அல்ல, பாறையைக் கழுவியதுதான்.

பாறைதான் வடிகட்டி

‘லைவ் ராக்’ எனப்படும் உயிர்ப்பாறை, பெரும்பாலும் இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. கல்லுக்கு உயிரில்லை. அதன் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குத்தான் உயிர்.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டால் அவ்வளவு ஆபத்து இல்லை. பிராணவாயு எட்டாத பாறையின் உட்பகுதியில் வாழும் பாக்டீரியா, நைட்ரேட்டையும் வாயுவாக்கி வெளியேற்றும். குழாய் நீரும் அதிலுள்ள குளோரினும் இந்தக் கூட்டத்தைக் கொன்றுவிடும்.

புதுப் பாறையைப் பதப்படுத்துங்கள்

கடைக்கு வரும் வழியிலேயே பாறையில் ஒட்டியுள்ள கடற்பஞ்சு, புழு போன்றவை இறந்து அழுகத் தொடங்கும். அப்படியே தொட்டியில் வைத்தால் அம்மோனியா எகிறும். எனவே முதலில் வெளிச்சம் படாத இடத்தில், ஒரு பெரிய வாளியில் கடல் உப்புக் கலவை நீர் நிரப்பிப் பாறையைப் போடுங்கள். சமையல் உப்பு கூடாது. சிறிய பம்பு வைத்து நீரை ஓட விடுங்கள். அழுகிய பகுதிகளை அகற்றி, வாரந்தோறும் நீரை மாற்றுங்கள். துர்நாற்றம் நின்று, அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டிய பிறகே பாறை தயார். இதற்குப் பொதுவாக 3 முதல் 6 வாரம் பிடிக்கும்.

நிறத்தைப் பார்த்து அடையாளம் காணுங்கள்

* பழுப்புப் பொடி: இது டயட்டம். நீரிலுள்ள சிலிக்கேட்டை உண்டு வளரும். கண்ணாடியை மட்டும் துடையுங்கள். சில வாரங்களில் தானே குறையும்.

* பச்சை முடி போன்ற பாசி: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்ததற்கு அடையாளம். கையால் பிடுங்குங்கள். தீனியைக் குறைத்து, விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். டர்போ நத்தை இதை நன்றாக மேயும்.

* கருஞ்சிவப்பு வழவழப்பான ஏடு: இது உண்மையில் பாசி அல்ல, சயனோபாக்டீரியா. நீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுங்கள். அந்த இடத்தில் நீரோட்டத்தைக் கூட்டுங்கள்.

* ஊதா, இளஞ்சிவப்புக் கடினப் பூச்சு: இது நல்ல பாசி, பாறை நலமாக இருப்பதற்கு அறிகுறி. சுரண்டாதீர்கள்.

செம்பு கலந்த மீன் மருந்தைப் பாறையுள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது. பாறை செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நத்தை, இறால் போன்றவற்றைப் பின்னாளிலும் கொல்லும்.

நம் ஊர் வெப்பமும் நீரும்

தொட்டி நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருப்பது நல்லது. வெப்பம் ஏற ஏற அம்மோனியாவின் நச்சும் கூடும். மின்விசிறி வைத்துக் குளிர்வித்தால் நீர் ஆவியாகும். உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லா ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பின் அடர்த்தி 1.025 அளவில் நிற்க வேண்டும்.

சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் இருப்பதால், ஒரு நாள் திறந்து வைத்தாலும் அது போகாது. ஆர்.ஓ. நீரையோ குளோரமின் நீக்கும் மருந்தையோ பயன்படுத்துங்கள்.

கடற்கரைக் கல் வேண்டாம்

தியோமான், ரெடாங் போகும்போது ஒரு கல்லை எடுத்து வந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். மலேசியாவின் கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆன பின், முதலில் ஓரிரு மீன்களை மட்டும் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்ததை வாங்கலாம். அவசரப்பட்டு ஒரே நாளில் தொட்டியை நிரப்பினால், பணமும் போகும், மீனும் போகும்.