நாணலுக்கு விட்ட நிலம்

நாணல் மண்டினால் ஆறு கெடும் என்பது நம் பழமொழி ஒன்றின் கருத்து. கெட்ட ஆற்றைத் தேற்றுவதற்கு அந்த நாணலையும் கோரையையுமே நாடிய வரலாறு ஒன்று உண்டு. அது ஜெர்மனியில் தொடங்குகிறது.

கேத்தே ஸைடல் என்னும் தாவரவியலாளர், 1950களின் தொடக்கத்தில், ப்ளோன் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில், ஒருவகைக் கோரையைக் கழிவுநீரில் வளர்த்துப் பார்த்தார். அத்தகைய நீரில் செடி பிழைக்காது என்றே வல்லுநர் பலர் கருதினர். செடி பிழைத்தது; ஃபீனால் என்னும் நஞ்சும் குறைந்தது. செடியின் உட்புழைத் தண்டு வழியே காற்று வேருக்கு இறங்குகிறது. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. மெல்ல ஓடும் நீரில் வண்டல் அடியில் படிகிறது. இவ்வளவே இதன் நுட்பம்.

இம்முறையை நகரத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்ற முயற்சிகளுள் சீனத்தின் செங்டு நகரப் பூங்கா குறிப்பிடத்தக்கது. அமெரிக்கக் கலைஞர் பெட்ஸி டாமன் முன்னின்று உருவாக்கிய 'உயிர்நீர்ப் பூங்கா' 1998இல் நிறைவுற்றது. மீன் வடிவில் அமைந்த அப்பூங்காவில், ஆற்றுநீர் குளம் குளமாக, செடிகளினூடே தெளிந்துகொண்டு செல்லும். பின்னர், 2010இல், ஷாங்காயின் ஹுவாங்பு ஆற்றங்கரையில், பழைய ஆலை நிலத்தில் ஹௌடான் பூங்கா எழுந்தது. அதனை வடிவமைத்த யூ கொங்ஜியான் 2025இல் பிரேசிலில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார்.

இனி, கணக்கையும் பார்த்துவிடுவோம். செங்டு பூங்கா நாளொன்றுக்குத் தூய்மை செய்வது சுமார் 2 லட்சம் லிட்டர். தலைக்கு 100 லிட்டர் என்று கொண்டால் 2,000 பேர் செலவிடும் நீர். 14 ஹெக்டேர் பரப்புள்ள ஹௌடானின் திறன் 24 லட்சம் லிட்டர். அதாவது 24,000 பேருக்குரியது. ஷாங்காயில் வாழ்வோரோ 2 கோடிக்கும் மேல்!

ஆகவே, சாக்கடையை ஆற்றில் திறந்துவிட்டுக் கரையில் நாலு நாணல் நட்டால் ஆறு பிழைத்துவிடும் என்பது வெறும் ஆறுதலே. கழிவைத் தோன்றும் இடத்திலேயே தடுத்தல் வேண்டும். எஞ்சியதை வடிகட்டவே நாணல். அதற்கும் பரந்த நிலமும் பொறுமையான நீரோட்டமும் தேவை.

அந்த நிலம் முன்பு ஆற்றிடமே இருந்தது. பயனற்ற சதுப்பென்று நகரங்கள் அதனைத் தூர்த்து மனையாக்கின. இன்று பெருஞ்செலவில் நாம் 'கட்டுவது', அன்று தூர்த்ததில் ஒரு சிறு பங்கைத்தான். இதனை உணராமல் எழுப்பும் பூங்காக்கள் கண்ணுக்கு அழகு தரலாம். ஆற்றுக்கு உயிர் தாரா.