கோடு நகர்ந்த கதை

தேர்வு நெருங்கியதும் நுழைவுச் சீட்டைத் தெய்வப் படத்தின் அடியில் வைக்கிறார்கள். சோதிடரிடம் ஓடி, “பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் உண்டா?” என்று கேட்கிறார்கள். அவர் கோள்களைக் கணக்கிடுகிறார். தட்டில் விழும் காசையும் கணக்கிடுகிறார்! கணக்கிட வேண்டிய ஒன்றோ கணக்கிடப்படாமலே கிடக்கிறது. அதுதான் மதிப்பெண்.

இன்று நாம் அந்தக் கணக்கின் வரலாற்றைப் பார்ப்போம், தோழர்களே! ஏனெனில், இலக்கு எது என்று அறியாதவன் வீழ்ந்தால் விதியை நோவான். அறிந்தவனோ, வீழ்ந்த இடத்தைக் கண்டு எழுவான்.

1984-இல் தமிழகத்தில் தொழிற்கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு புகுத்தப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதாதென்று, அதனோடு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் கூட்டப்பட்டது. நகரத்துப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி கிடைத்தது. நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு ஏக்கம் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அத்தேர்வு, 2006-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் 2007-இல் அகன்றது.

அதன்பின் வந்த கணக்கு எளிது. 200-க்கு எழுதிய உயிரியலை 100-க்குச் சுருக்கினார்கள், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கினார்கள், மொத்தம் 200. ஊரெங்கும் ‘கட்-ஆஃப்’ என்று பேசப்பட்டது இதுதான். உயிரியலில் ஒரு மதிப்பெண் நழுவினால் அரை போகும். இயற்பியலில் நழுவினால் கால் போகும். திண்ணையில் அமர்ந்த தந்தையும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார், மகளுக்கு இன்னும் எவ்வளவு வேண்டுமென்று.

பிறகு வந்தது நீட். 2013 மே திங்களில் முதன்முறை நடந்தது; அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது; 2016 ஏப்ரலில் தன் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. 2017 முதல் தமிழகத்து மாணவரும் அந்தத் தேர்வின் வாயிலாகவே மருத்துவக் கல்லூரியில் நுழைய நேர்ந்தது. மொத்தம் 720 மதிப்பெண். அதில் உயிரியலுக்கு மட்டும் 90 வினாக்கள், 360 மதிப்பெண். பழைய கணக்கிலும் பாதி உயிரியல். புதிய கணக்கிலும் பாதி உயிரியல். ஆனால் புதிதாக ஒரு கத்தி சேர்ந்தது: சரியான விடைக்கு நான்கு தருவார்கள், தவறான விடைக்கு ஒன்றைப் பறிப்பார்கள்.

“தகுதி, திறமை” என்று முழங்குவோர் இனிச் சற்றுச் செவி சாய்க்கட்டும். 2024-இல் பொதுப்பிரிவினர் தகுதி பெற 162 மதிப்பெண் வேண்டியிருந்தது. 2025-இல் 144 போதுமானதாயிற்று. அப்படியானால் 150 பெற்ற ஒருவன் 2024-இல் தகுதியற்றவன், 2025-இல் தகுதியுள்ளவன்! அவன் மூளை மாறிற்றா? படித்த பாடம் மாறிற்றா? இல்லை, கோடு நகர்ந்தது. எழுதியோரில் பாதிப்பேரைக் கீழே நிறுத்தும் இடத்தில் கிழிக்கப்படுகிற கோடு அது. வினாத்தாள் கடினமானால் கோடு இறங்கும், எளிதானால் ஏறும். 144 என்பது 720-இல் ஐந்தில் ஒரு பங்குதான். அதைத் தாண்டினால் ‘தகுதி’ உண்டு. இடம் உண்டென்ற உறுதி இல்லை.

உச்சியும் அப்படியே. 2024-இன் இறுதி முடிவில் 17 பேர் 720-க்கு 720 பெற்றனர். 2025-இல் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. ஆகவே, சென்ற ஆண்டின் எண்ணைச் சுவரில் எழுதி அதையே வழிபடுவதும் ஒருவகை மூடநம்பிக்கைதான்! மதிப்பெண்ணை மட்டும் பாராமல், அது தந்த தர வரிசையைப் பாருங்கள். ஓராண்டை மட்டும் பாராமல், சில ஆண்டுகளைப் பாருங்கள். உங்கள் பிரிவின் கோட்டைப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு வேறு கோடு உண்டென்பதை மறவாதீர்கள்.

இனி உயிரியலில் இலக்கு 320 என்று கொள்வோம். 80 வினாக்களுக்குச் சரியாக விடையளித்து, ஐயமுள்ள பத்தை விட்டுவிட்டால் 320. அந்தப் பத்தையும் எழுதினால்? இரண்டு சரியாகி எட்டுத் தவறினாலும் அதே 320. மூன்று சரியானால் 325. ஒன்றுதான் சரியென்றால் 315. நான்கு விடைகளில் கண்மூடித் தொட்டால், சராசரியில் நான்குக்கு ஒன்று பொருந்தும். கிடைப்பது நான்கு, இழப்பது மூன்று. அந்த ஓர் ஆதாயம் நிலையானதன்று. ஆனால், தவறென்று உறுதியாகத் தெரிந்த இரண்டை நீக்கிவிட்டுத் தொட்டால், இரண்டுக்கு ஒன்று பொருந்தும். அப்போது ஆதாயம் தெளிவு. அச்சத்தால் விடுவதும் கூடாது, ஆசையால் எழுதுவதும் கூடாது. அறிந்ததைக் கொண்டு அளந்து எழுத வேண்டும்.

பழைய வினாத்தாளை எடுத்து, நேரம் குறித்து எழுதிப் பாருங்கள். தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: அறியாமையால் விளைந்தவை, ஐயத்தால் விளைந்தவை, அவசரத்தால் விளைந்தவை. முதலாவதற்கு மருந்து பாடநூல், இரண்டாவதற்குத் திரும்பப் படித்தல், மூன்றாவதற்கு நிதானம். எதற்கும் பரிகாரம் தேவையில்லை!

கணக்கைக் கற்கச் சொல்வதால், கணக்கை வகுத்த முறை நேர்மையானதென்று நாம் ஒப்புக்கொண்டதாக எவரும் எண்ண வேண்டாம். 1984-இல் கிழித்த கோட்டை 2007-இல் அழித்தவர்கள் மனிதர்கள்தாம். இன்றைய கோட்டையும் மனிதர்களே கிழித்தார்கள். ஏனென்று அவர்களைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அந்தக் கேள்வியும் நிற்கட்டும். தேர்வுக் கூடத்தில் உங்கள் கணக்கும் பிழையாதிருக்கட்டும். கோட்டுக்குக் கீழே நின்றுவிட்ட தம்பியே, தங்கையே, குனிந்த தலையை நிமிர்த்துங்கள்! அந்த எண் அளந்தது ஒரு பகற்பொழுதை, உங்களை அன்று.