புலப்படாத நோவு: குடல் உறுத்தல் நோயின் வரலாறு

ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ. கே. தரியனும் அவர்தம் தோழர்களும் 1955-ஆம் ஆண்டில் கிறிஸ்தியன் ஃபெல்லோஷிப் மருத்துவமனையைத் தோற்றுவித்த காலத்தில், தமிழகச் சிற்றூர்கள் வாந்திபேதிக்கும் சீதபேதிக்கும் அஞ்சி வாழ்ந்தன. அந்நோய்களின் கிருமிகளை நுண்ணோக்கி காட்டிற்று. அவற்றுக்கு மருந்தும் இருந்தது. எனினும், பேதி நின்ற பின்னரும் வயிற்று நோவு நீங்காதோர் எங்கும் உண்டு. சோதனையில் ஏதும் தென்படாமையால், 'உமக்கு நோயே இல்லை' என்ற விடையே அவர்களுக்கு நெடுங்காலம் கிடைத்தது. இன்று ஐ.பி.எஸ். எனப்படும் குடல் உறுத்தல் நோயின் வரலாறு, அவ்விடை பிழையென்று மெல்ல மெல்ல மெய்ப்பிக்கப்பட்ட வரலாறேயாகும்.

குடல் நோவு பற்றிய ஆய்வு புதியதன்று. சித்த மருத்துவம் குன்மத்தை எட்டு வகையாகப் பகுத்தது. கிரேக்கத்திலிருந்து அரபுக்கு வந்த 'கூலன்ஜ்' என்னும் சொல், பெருங்குடல் நோவுகள் பலவற்றுக்கும் பொதுப்பெயராய் வழங்கிற்று. அபூபக்ர் அர்ராஸீ (மறைவு கி.பி. 925) அதற்கெனத் தனிநூல் எழுதினார். இப்னு ஸீனாவும் ஃபர்தஜான் கோட்டையில் சிறைப்பட்டிருந்த நாள்களில் அதுபற்றி ஒரு நூல் யாத்தார். ஹிஜ்ரி 428-இல் (கி.பி. 1037) ஹமதானில் அவர் மறைவதற்கும் அந்நோயே காரணமாயிற்று. ஒரே நாளில் எட்டு முறை அவர் எனிமா எடுத்துக்கொண்டதை மாணவர் ஜூஸ்ஜானீ பதிவு செய்துள்ளார். உயிரைக் கவர்ந்த அந்நோயை ஐ.பி.எஸ். எனக் கொள்வது பொருந்தாது, ஐ.பி.எஸ். உயிரைப் பறிப்பதில்லை. ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருந்தன என்பதே நாம் அறிய வேண்டியது.

நம் பொருளுக்கு மிக அணுக்கமானவர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934). உடலும் உள்ளமும் பிணைந்தவை, ஒன்றன் துன்பம் மற்றொன்றைத் தாக்கும் என்னும் கருத்தை 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் அவர் நிறுவினார். உள்ளத்தின் பங்கைக் கூறுவதால் உடல் நோவு பொய்யாகிவிடாது என்ற தெளிவு அதில் உண்டு.

இத்தெளிவுக்குச் சான்றுகள் கடந்த நூற்றாண்டில் கிடைத்தன. 1962-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சௌத்ரி, ட்ரூலவ் ஆகிய இருவரும் 130 நோயாளரை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குச் சீதபேதி போன்ற தொற்றுக்குப் பின்னரே இந்நோய் தொடங்கியிருந்தது. 1973-இல் ரிச்சி என்பார் குடலினுள் சிறு பலூனை விரித்துப் பார்த்தார். நலமுடையோர் எளிதில் தாங்கிய விரிவே இந்நோயாளருக்குக் கடும் நோவைத் தந்தது. ஆகவே குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு மிகைக் கூர்மை அடைந்துள்ளதென இன்று கருதப்படுகிறது. மூன்று மாதங்களாக வாரத்தில் ஒரு நாளேனும் வயிற்று வலி இருத்தல், அது மலங்கழித்தலோடும் அதன் மாற்றங்களோடும் தொடர்புறுதல் ஆகியன 2016-ஆம் ஆண்டின் ரோம் வரையறையில் முதன்மை பெறுகின்றன.

நோயாளி இழப்பவை இவ்வரையறைக்குள் அடங்குவன அல்ல. நெடும்பயணப் பேருந்து, திருமண விருந்து, ஜமாஅத் தொழுகை ஆகிய யாவும் அவருக்கு அச்சம் தருவன. ஒளு முறிந்ததோ என்ற ஐயம் சிலரைப் பள்ளிவாசலிலிருந்தே விலக்கிவிடுகிறது. ஓசையோ நாற்றமோ உறுதிப்படாதவரை தொழுகையை விட்டு விலக வேண்டாமென்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். காற்றை அடக்க இயலாத நிலை ஒரு தொழுகை நேரம் முழுவதும் நீடிப்பவரை ஹனஃபீ சட்ட அறிஞர்கள் 'மஃதூர்' என வகுத்து, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஓர் ஒளு போதுமென்றனர். ஷாஃபிஈ அறிஞர்கள் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஓர் ஒளு என்றனர். கருவிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நோயாளியின் இயலாமை சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

மலத்தில் குருதி, உடல் மெலிவு, காய்ச்சல், இரத்தசோகை ஆகியன தோன்றின் வேறு நோயென ஐயுற்று உடனே மருத்துவரை நாட வேண்டும். இவை இல்லாதோர் சிலருக்கு வெங்காயம், பூண்டு, பருப்பு வகைகளைக் குறைப்பது துயர் தணிக்கும். காய்கறிச் சந்தையால் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரத்தில், வெங்காயமில்லாக் குழம்பு கேட்பவரை வீட்டார் நகைத்தல் இயல்பு. அவர் கேட்பது பிடிவாதமன்று, மருந்து என்று உணர்வதே சிகிச்சையின் முதற்படி.