ஊமைகள் என்று பெயர் வாங்கியவர்கள்



ஜெர்மானியர்களை ரஷ்யர்கள் 'நேமெத்ஸ்' என்பார்கள். போலந்து, செக் மொழிகளிலும் ஏறக்குறைய இதே சொல்தான். அதன் வேருக்கு 'ஊமை' என்று பொருள். வாய் பேசாதவர்கள் என்றல்ல, பேசுவது எங்களுக்குப் புரியவில்லை, ஆகவே நீங்கள் ஊமை! பழைய கிரேக்கர்கள் காதில் அந்நியர் பேச்சு 'பர் பர்' என்று விழுந்ததால் 'பார்பரோஸ்' என்று பெயர் வைத்ததும் இதே கதைதான். ஜெர்மானியர்களும் சளைத்தவர்கள் அல்லர். புரியாத உளறலுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'கவுடர்வெல்ஷ்'. அதிலுள்ள 'வெல்ஷ்', பிரெஞ்சு, இத்தாலி பேசிய அண்டை நாட்டாரைக் குறித்த பழைய சொல்.

ஜெர்மன் படிக்கும் கஷ்டத்தைக் கேலி செய்து அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் ஒரு கட்டுரையே வெளியிட்டார். வினைச்சொல்லுக்காக வாக்கியக் கடைசிவரை காத்திருக்க வேண்டுமாம். நமக்கென்ன, தமிழில் தினமும் அப்படித்தானே பேசுகிறோம்! சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல் பெண்பால் இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை. 'ஷென்' என்ற செல்ல விகுதி சேர்ந்துவிட்டால் எந்தச் சொல்லும் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத மூன்றாம் பாலுக்குப் போய்விடும்.

ஜெர்மன் என்றாலே அதட்டல் என்ற எண்ணம் எப்படி வந்தது? வானொலியிலும் செய்திப்படங்களிலும் ஹிட்லர் கத்தியதைக் கேட்டுத்தான் வெளியுலகில் பலர் அந்த மொழியை அறிந்தார்கள் என்பது என் கணிப்பு. 1940இல் வந்த 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் சாப்ளின், ஜெர்மன் போல ஒலிக்கும் பொருளற்ற சத்தங்களாலேயே ஒரு மேடைப்பேச்சை நடத்திவிட்டார். உறுமல், இருமல், நடுவே சில சாப்பாட்டுப் பெயர்கள். மொழி தெரியாதவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதே மொழி ஒரு வீட்டுக்குள் வேறு மாதிரி ஒலித்தது. யூதக் கவிஞர் பால் செலான் 1920இல் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்தார். அன்று அது ருமேனியா, இன்று உக்ரைன். அவருடைய தாயார் ஜெர்மன் இலக்கியத்தில் ஊறியவர். வீட்டில் நல்ல ஜெர்மன்தான் பேச வேண்டும் என்பதில் கண்டிப்பு. 1942இல் பெற்றோர் இருவரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் திரும்பவில்லை.

தாயின் மொழியும் ஹிட்லரின் மொழியும் ஒன்றாகிவிட்டது. செலானுக்குப் பல மொழிகள் தெரியும், வேறொன்றில் எழுதியிருக்கலாம். போருக்குப் பின் பாரிஸில் குடியேறினார், பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார், நம்மைப் போல வாத்தியார் வேலையும் பார்த்தார். கற்பித்த பாடம் ஜெர்மன். 1970இல் இறக்கும்வரை, சுற்றிலும் பிரெஞ்சு பேசிய அந்த ஊரில் உட்கார்ந்து, கவிதைகளை அம்மாவின் மொழியிலேயே எழுதிக்கொண்டிருந்தார்.